திண்டுக்கல் ஆற்றுப்படை

ஜெர்மனியில் பணிபுரியும் நண்பர் விடுமுறைக்கு எரியோடு வந்திருந்தார். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு கூடிப் பேசும் நாங்கள் ஆறு பேர். அவர் ஊரில் இருந்தால் ஏழு. அந்த மாதக் கூட்டத்தில் நூல் பின்னுக்குப் போய்விட்டது. வெனிஸ் நகரத்துக்குச் சென்று வந்த கதையைத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

அங்கே 'உணவு நடை' என்றொரு ஏற்பாடு உண்டாம். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, மடக்கிய குடையை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண்மணி முன்னே நடப்பார். ரியால்ட்டோ பாலத்தருகே தொடக்கம். மூன்று மணிநேரம் சந்து சந்தாக நடை. 'பாக்கரோ' என்று அழைக்கப்படும் சிறு மதுக்கடைகளில் நின்றபடியே ஒரு வாய்க்கு ஏதேனும் உண்பார்கள். 'ஓம்ப்ரா' எனப்படும் சிறு கோப்பை மது அருந்துவார்கள். ஓம்ப்ரா என்றால் நிழல். சான் மார்க்கோ சதுக்கத்தின் மணிக்கோபுர நிழல் நகர நகர, மது விற்றவர்களும் வெயிலுக்கு ஒதுங்கிக் கடையை நகர்த்திக்கொண்டே போனதால் வந்த பெயர் என்று கதை சொல்வார்களாம். உண்மையோ பொய்யோ, அழகான கதை.

ரொட்டித் துண்டின்மேல் வெண்ணெய்போலத் தடவிக் கொடுக்கப்படும் மீனைப் பற்றியும் சொன்னார். அது வெனிஸ் கடலில் கிடைக்காத மீன். 1431இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிதைய, உயிர் பிழைத்த சிலர் நார்வேயின் வடகோடித் தீவொன்றில் கரையொதுங்கினர். அங்கே காற்றில் உலர்த்திய கருவாட்டைத் தின்று உயிர் வளர்த்தவர்கள் அதை ஊருக்கும் கொண்டுவந்தார்கள் என்பது அந்நகரத்தார் சொல்லும் வரலாறு. ஒரு துண்டு ரொட்டிக்குள் கப்பலும் புயலும் இருக்கின்றன என்று நண்பர் வியந்தார். எங்கள் மிளகு ஏறிப் போன துறைமுகம்தானே அது என்று நாங்களும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

நடையின் பிற்பகுதியில் அந்தப் பெண்மணி அவர்களைக் 'கெட்டோ'வுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். 1516இல் வெனிஸ் அரசு யூதர்களை ஒரு சிறு தீவில் குடியமர்த்தியது. பகலில் வணிகம் செய்யலாம். இரவானால் வாயிற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். காவலர்களுக்கான கூலியையும் உள்ளே அடைபட்டவர்களே கொடுக்கவேண்டும். 1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் அக்கதவுகள் பெயர்க்கப்பட்டன. இன்று உலகமெங்கும் வழங்கும் 'கெட்டோ' என்ற சொல்லே அந்த இடத்தின் பெயர்தான். வாயிலருகே அனைவரையும் நிறுத்தி இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கடைக்கு அழைத்துப் போனாராம். "சாப்பிட வந்தவங்ககிட்ட இதையெல்லாம் ஏன் சொல்லணும்னு எனக்குத் தோணுச்சு. அப்புறம் சொன்னதுதான் சரின்னும் தோணுச்சு" என்றார் நண்பர். நாங்கள் தலையசைத்தோம். எவ்வளவு கொடுமை என்றோம். எங்களுக்கு அப்போது வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எண்பதை நெருங்குகிறார். அதுவரை பேசாதிருந்தவர், "இது நமக்குப் புதுசா தம்பி?" என்றார். "ஆற்றுப்படைன்னா வேற என்ன?"

உண்மைதான். பரிசில் பெற்று வரும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தின் வழியாகப் போகவேண்டும், எந்த ஊரில் யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒன்றொன்றாகச் சொல்கிறான். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் நெய்தல் நிலத்து மீனிலிருந்து மருத நிலத்து நண்டுக் கறி வரை கூட்டிப்போகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை 500 அடி. எயினர் குடியிருப்பில் உணங்கிய ஊன், ஆயர் இல்லத்தில் பாலும் தினையும், உழவர் மனையில் கோழிக்கறியோடு சோறு, அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயோடு மிளகும் கறிவேப்பிலையும், கூடவே மாவடு. குடை பிடித்த வழிகாட்டி இல்லை என்பதைத் தவிர வெனிஸ் நடைக்கு எதுவும் குறைவில்லை. மலைபடுகடாமில் எந்த இடத்தில் வழுக்கும், எங்கே பார்த்து நடக்கவேண்டும் என்ற எச்சரிக்கைகூட உண்டு.

அப்படியானால் திண்டுக்கல்லுக்கு ஓர் ஆற்றுப்படை செய்வோம் என்று அன்றிரவே முடிவாயிற்று. சென்னையிலும் மதுரையிலும் காசு வாங்கிக்கொண்டு இதை நடத்துகிறவர்கள் சில ஆண்டுகளாகவே இருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, சிறுமலை வாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது, பிரியாணிக்கோ குறியீடே தேவையில்லை. நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கவேண்டும் என்பது வாதம். எங்கே நிற்பது என்று பட்டியல் போட்டோம். பட்டியலில் முதல் இடம் திண்டுக்கல்லில் இல்லை. எரியோட்டுக்கு அருகே ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம், அங்கே சாலையோரமாக ஒரு தேநீர்க் கடை. எங்களில் ஒருவருடைய பாட்டனார் 1940களின் இறுதியில் தொடங்கியது. கீற்றுக்கொட்டகை ஓட்டுக்கூரையாகி, ஓட்டுக்கூரை தளமாகி, இன்றும் விறகடுப்பும் பித்தளைப் பாய்லருமாக நடக்கிறது. அங்கே தொடங்கினால்தான் நடைக்கு ஒரு மண்வாசனை இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம்.

ஆசிரியர் மட்டும், "நீங்க அங்கன குடிச்சிட்டு வாங்க. நான் நேரா திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வந்துர்றேன்" என்றார். வயதானவர், அதிகாலைப் பனிக்கு அஞ்சுகிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் கிளம்பினோம். தேநீர்க் கடையில் நண்பர் குடையைத் தூக்கிப் பிடித்துத் தம் முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதில் பாய்லரின் வயதும் பாட்டனாரின் கைராசியும் இருந்தன. கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைத் தேர்தலுக்கு வந்தவர்கள் என்று எண்ணியிருக்கக்கூடும். தேநீர் நன்றாகவே இருந்தது. குஜிலியம்பாறையிலிருந்து வந்த பேருந்தில் ஏறி, இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவைக் கடந்து திண்டுக்கல் வந்தோம். ரயில் நிலைய வாசலில் சலவை வேட்டியும் குடையுமாக ஆசிரியர் நின்றிருந்தார். வழிகாட்டியின் குடையைப் பார்த்து, "ரெண்டு குடை ஆகாதுப்பா" என்று தம்முடையதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ரயில் நிலையத்தைப் பட்டியலில் சேர்த்தது அவர்தான். ஏன் என்று அங்கே சொன்னார். திருச்சி மதுரை இருப்புப்பாதை 1875இல் இந்த வழியே வந்தது. ரயிலில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைச் சாதி முடிவு செய்ய இயலவில்லை. பயணச்சீட்டு முடிவு செய்தது. ஆனால் ரயிலை விட்டு இறங்கிச் சாப்பிடப் போனால், தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம். பெரியாரின் இயக்கம் பல ஆண்டுகள் எதிர்த்த பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை எடுபட்டது. "பெட்டிக்குள்ள ஒண்ணு, பிளாட்பாரத்துல ரெண்டு" என்றார் ஆசிரியர். நண்பர் இதைத் தம் குறிப்பேட்டில் ஆர்வமாக எழுதிக்கொண்டார். நாங்களும் ரசித்தோம். 'மற்றவர்' என்ற அந்த இரண்டாவது இடத்துக்குள்ளும் எல்லோரும் அடங்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நாகல் நகரில் சௌராஷ்டிரர் தெருக்களின் முனையில் ஒரு தள்ளுவண்டியில் முள்ளுமுருங்கை வடை. இட்லிப்பொடி தூவிச் சுடச்சுடத் தந்தார்கள். தறிச் சத்தம் எங்களில் சிலருக்கு நினைவிலும் சிலருக்குக் காதிலும் கேட்டது. சுவையைப் பற்றி விரிவாக எழுதலாம்தான். ஆனால் உணவைப் பற்றி எழுதும் பலரும் ஒரே பத்துப் பெயரடைகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள் என்பது எங்கள் பழைய புகார். ஆளுக்கு இரண்டு தின்றோம் என்பதோடு விட்டுவிடுகிறோம்.

அங்கிருந்து பேகம்பூர். நண்பர் மிகவும் தயாரித்துக்கொண்டு வந்த பகுதி இது. மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605இல் மலைமேல் எழுப்பிய கோட்டை, 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, இங்கேயே அடக்கமாகியிருக்கும் அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம், அவரால் ஊருக்கு வந்த பெயர், 1790இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மைசூர்ப் படையோடு வந்த சமையலிலிருந்துதான் திண்டுக்கல் பிரியாணி பிறந்திருக்கவேண்டும் என்று அவராக ஒரு முடிவுக்கும் வந்தார். இத்தகைய முடிவுகளுக்குச் சான்று எதுவும் வேண்டியதில்லை. நடக்கும்போது சொன்னால் போதும், கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள். உணவு நடையின் பலமும் பலவீனமும் அதுதான் போலும்.

ஆசிரியர் இதில் எதையும் கவனிக்கவில்லை. சாலையின் எதிர்ப்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கடந்து சென்று, கைபேசிக்கு உறை விற்கும் ஒரு கடை முன்னால் நின்றார். "இங்கனதான்" என்றார். நாங்கள் சூழ்ந்துகொண்டோம். நண்பர் குடையை இறக்கினார்.

அவருடைய தந்தை, செத்த மாட்டின் தோலையும் ஆட்டுத்தோலையும் ஊர் ஊராகச் சேர்த்து, உப்புப் போட்டுக் கட்டி, இரவெல்லாம் வண்டியில் வந்து இங்குள்ள தோல் ஷாப்புகளில் போடுகிறவர். 1957இல் தமக்குப் பத்து வயது என்றும், பள்ளிக்கு விடுமுறையாக இருந்ததால் தந்தையோடு முதன்முறையாகத் திண்டுக்கல் வந்ததாகவும் சொன்னார். தோலை இறக்கிக் கணக்கு முடிந்து காசு கைக்கு வர வெயில் ஏறிவிட்டது. இந்த இடத்தில் ஒரு சாயபு கடை வைத்திருந்தார். ஆப்பமும் பாயாவும்.

"அப்பா எங்க போனாலும் மாதிரி வாசல்லயே குத்தவச்சு உக்காந்துட்டாரு. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். அந்த பாய் கல்லாவுல இருந்து எட்டிப் பாத்தாரு. 'யோவ், பெஞ்சு எதுக்குய்யா போட்டிருக்கு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு உள்ள வா'ன்னாரு. அப்பா எந்திரிச்சாரு, உள்ள வந்தாரு, ஆனா உக்காரல. நான் உக்காந்துட்டேன். எனக்கு என்ன தெரியும், பசி. பீங்கான் தட்டுல வச்சாங்க. அப்பா நின்னுக்கிட்டே தின்னாரு. தின்னு முடிச்சு, தட்ட எடுத்துக்கிட்டுக் கழுவ எடம் தேடுறாரு. பாய் வந்து கையில இருந்து பிடுங்குனாரு. கோபமாத்தான் பிடுங்குனாரு. வெளிய வரும்போது அப்பா, நான் உக்காந்திருந்த எடத்தத் துண்டால தொடச்சாரு. அதுக்கு ஏன்னு கேட்டேன். பதில் சொல்லல."

சற்று நிறுத்தி, எங்கள் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க காலையில டீ குடிச்சிட்டு வந்த கடையில எங்களுக்குக் கொட்டாங்குச்சிதான். அதையும் நாமளேதான் கொண்டு போகணும். கழுவி, கடைக்கு வெளிய எரவாணத்துல சொருகி வச்சிருப்போம். ஒசரத்துல இருந்து ஊத்துவாங்க. கையில சிந்தாமப் பிடிக்கிறது ஒரு வித்தை. நான் டிரெய்னிங் முடிச்சு வாத்தியாரா வேலைக்குப் போன பெறகும் அதுதான். எழுபத்தஞ்சு, எழுபத்தாறு வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் தனி கிளாசு. அப்புறம் நான் அந்தப் பக்கம் போறதில்ல."

தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது 1955இல். உணவு விடுதிகளில் எவரையும் தடுக்கக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. அதற்கும் முன்பே, 1938இல், சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. அவையெல்லாம் எங்கள் சாலையோரக் கீற்றுக்கொட்டகை வரை வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எந்த வழிகாட்டியும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்தக் கடையைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். பாய்லர் எங்கே வாங்கியது என்பதுவரை தெரியும்.

கடைக்காரரின் பேரன் எங்களோடுதான் நின்றிருந்தார். அவர் எங்களில் யார் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. கூட்டாக எழுதும் இந்தப் பக்கத்தில் 'நாங்கள்' என்பது வசதியான சொல். அதற்குள் அவரும் இருக்கிறார், ஆசிரியரும் இருக்கிறார். அன்று பேகம்பூர்ச் சாலையில் அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு வசதியாக இல்லை. பேரன் எதுவும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று சிலர் எதிர்பார்த்தோம். கேட்டிருந்தால் அது ஆசிரியருக்குத் தொல்லையாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் செய்தது ஒன்றுதான். ஆசிரியரின் கக்கத்திலிருந்த குடையை வாங்கி விரித்து, அவருக்குப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெயிலும் இருந்தது.

மிச்ச நடையை விரைவாகச் சொல்லிவிடலாம். மணிக்கூண்டருகே ஜிலேபி. ரத வீதியில் சிறுமலை வாழைப்பழம். கையளவே இருக்கும் அந்தப் பழத்துக்கு விலை அதிகம். முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாக அழித்த கதையைப் பழக்காரர் சொன்னார். பழனிச் சாலையில், தைப்பூச நடைப்பயணம் பற்றிப் பேச்சு வந்தது. நத்தம் வழியாக வந்து திண்டுக்கல்லைக் கடந்து போகும் பல்லாயிரம் பேருக்கு வழியெல்லாம் அன்னதானம். காசு வாங்காத, வழிகாட்டி இல்லாத, எல்லாவற்றிலும் பெரிய உணவு நடை அதுதான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

உச்சி வேளையில் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, சிறு துண்டுகளாக ஆட்டுக்கறி, தயிர் வெங்காயம். எங்கள் பக்கத்து அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையிலிருந்து வந்த ஆடாக இருக்கலாம் என்று ஒரு பற்று. நண்பர் தலப்பாக்கட்டியின் வரலாற்றைத் தொடங்கினார். நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் கடை திறந்தார், எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் இந்தப் பெயர் வந்தது, தொடங்கிய ஆண்டு என்று சொல்லவந்தவர், "1957" என்று சொல்லிவிட்டு ஆசிரியரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் சிரித்தார். "சொல்லு தம்பி. அந்த வருசம் எல்லாந்தான் நடந்துச்சு. மெட்ராசுல பெரியார் ஓட்டல் போர்டுல பிராமணாள்னு போட்டிருக்கிறத அழிக்கச் சொல்லிப் போராட்டம் நடத்துனதும் அந்த வருசந்தான்." மருத்துவர் தடுத்திருப்பதால் இரண்டு பிடி சோறு மட்டும் எடுத்துக்கொண்டார்.

மாலையில் மலைக்கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆசிரியர் மறுபடியும் பாணனிடம் வந்தார். ஆற்றுப்படைப் பாணன் எயினர் வீட்டிலும் உண்கிறான், அந்தணர் வீட்டிலும் உண்கிறான். எவரும் அவனை வாசலில் நிறுத்துவதில்லை. ஆனால் அதே பாணர் குலத்தவராகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வாரின் வரலாற்றுக்கு வந்தால், அவர் அரங்கத்துக்குள் கால் வைக்காமல் காவிரிக்கரையில் நின்று பாடுகிறார். வழியை விட்டு விலகாததற்காகக் கல்லெறி படுகிறார். இடையில் என்ன நடந்தது, எந்த வீட்டில் முதலில் கதவு சாத்தப்பட்டது என்று கேட்டார். "முப்பத்தாறு வருசம் ரெண்டையும் பாடமா நடத்தியிருக்கேன். ரெண்டையும் சேத்து ஒரு நாளும் வகுப்புல கேட்டதில்ல." எங்களில் எவரிடமும் விடை இல்லை.

திரும்பும் பேருந்து அந்தச் சிற்றூரில் வழக்கம்போல் இரண்டு நிமிடம் நின்றது. தேநீர்க் கடையில் விளக்கெரிந்துகொண்டிருந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆசிரியர் அதைப் பார்த்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

நண்பர் ஜெர்மனி திரும்பிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில், வெளியூர் வாசகர்கள் சிலரும் இந்த நடைக்கு வர விரும்புவதாகப் பேச்சு வந்தபோது, பேரன் பட்டியலை எடுத்து, முதல் வரியை அடிக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் வேண்டாம் என்றார். "அங்கனயே ஆரம்பிப்போம். நானும் வர்றேன். ஆனா அந்தக் கடையில பேசுறது நான்." பேரன் தம் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதாகக் கூறினார். சொன்னபோது அவர் தந்தை என்ன சொன்னார் என்பதை எங்களிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. தைப்பூசம் கழிந்து வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறோம். முதல் பேருந்து ஐந்தேமுக்காலுக்கு.